கோடை விடுமுறையில் குழந்தை எம்மொழி பேசும்?

மீனம் கழிந்து மேழம் பிறக்கும் முன்பே (பங்குனி, சித்திரை எனப் பிறர் வழங்குவன இவையே), தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் எனத் தென்சென்னைப் புறநகரெங்கும் மின்கம்பங்களிலும் மதிற்சுவர்களிலும் ஒருவகை அறிவிப்புத் தட்டிகள் முளைத்து விடுகின்றன. ‘சம்மர் கேம்ப்’ என்பது தலைப்பு. அதன்கீழ் ஓவியம், ஆடல், நீச்சல், மட்டைப்பந்து, விரைவுக் கணக்கு, அழகிய கையெழுத்து, தங்குதடையின்றி ஆங்கிலம் பேசும் பயிற்சி என ஒரு நீண்ட வரிசை. மூன்றரை அகவைக் குழந்தையையும் சேர்த்துக்கொள்வோம் என்பது அடிக்குறிப்பு. தட்டியை மேலிருந்து கீழ்வரை எத்துணைதான் துருவினாலும் ஒரு தமிழெழுத்து அகப்படுவதில்லை. அகப்பட்டால் அது தட்டியை அடித்துக் கொடுத்த அச்சகத்தின் பெயராக இருக்கும்.

ஓவியமும் நீச்சலும் தீயன அல்ல. அவற்றைக் குழந்தைக்குக் கற்பிப்பதைத் தமிழ்ப்பற்றாளர் எவரும் மறுக்க வேண்டியதில்லை. கேள்வி வேறு. பள்ளி நடைபெறும் பத்துத் திங்களும் குழந்தையின் பகற்பொழுது ஆங்கிலத்திற்கு உரியதாகிவிட்டது. மாலையில் வீட்டுப்பாடமும் அதற்கே. உணவிற்கும் உறக்கத்திற்கும் இடையே கிடைக்கும் சிறு பொழுதைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் பங்கிட்டுக் கொள்கின்றன. எஞ்சி நிற்பது கோடை விடுமுறையாகிய ஏறத்தாழ 40 நாளே. தாயும் தந்தையும் பாட்டனும் பாட்டியும் பேசும் மொழியைக் குழந்தை விடிந்தது முதல் இருட்டும் வரை காதாரக் கேட்கக்கூடிய காலம் ஆண்டில் அஃது ஒன்றே. அந்த 40 நாளையும் கட்டணம் கட்டி ஆங்கிலத்திற்கே எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு அக்குழந்தை தமிழை எந்நாளிற் பெறும்?

தமிழுணர்வில்லாதோர் இதைச் செய்வதிற் புதுமை ஒன்றுமில்லை. தமிழ்ப்பற்றுடையோர் வீடுகளிலும் இதுவே நடக்கிறது என்பதுதான் உறுத்துகிறது. குழந்தைக்குத் தூய தமிழிற் பெயர் சூட்டுகின்றனர். திருமண அழைப்பிதழில் ஒரு வடசொல்லும் புகாமற் காக்கின்றனர். கடைப்பெயர்ப் பலகைக்காகக் கிளர்ச்சி செய்கின்றனர். ஆனால் அழகிய தமிழ்ப்பெயர் பூண்ட அதே குழந்தை ‘தண்ணீர் வேண்டும்’ என்பதை ஆங்கிலத்திற் கேட்டால் அகம் மகிழ்ந்து அக்கம்பக்கத்தார்க்குக் காட்டுகின்றனர். பெயர் மட்டும் தமிழாக நிற்பதன் முடிவு எதுவென்பதை மொரீசியசுத் தீவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சென்று காணலாம். 19ஆம் நூற்றாண்டிற் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட தமிழரின் வழியினர் அங்கே இன்றும் தமிழ்ப்பெயர் தாங்குகின்றனர், காவடி எடுக்கின்றனர், தீ மிதிக்கின்றனர். ஆயினும் அவருட் பெரும்பாலார்க்கு வீட்டுமொழி தமிழன்று. அவர்களை யாரும் அடித்துத் தமிழை மறக்கச் செய்யவில்லை. பிள்ளையோடு பேசும் மொழி வீட்டில் மாறிற்று. இரண்டு மூன்று தலைமுறையிற் செய்தி முடிந்தது.

பெற்றோர் தரப்பில் ஒரு மறுமொழி உண்டு. அதைத் தள்ளிவிட இயலாது. கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் வீட்டிற் பகலிற் குழந்தையை யார் பார்ப்பது? கத்திரி வெயிலில் அடுக்குமாடி வீட்டின் நான்கு சுவருக்குள் அடைபட்ட குழந்தை கைப்பேசியைத்தானே நாடும்? உண்மை. காப்பிடம் வேண்டும் என்பதற்காகப் பகலிற் சில மணி நேரம் குழந்தையை ஓரிடத்தில் விடுவோர்மீது குறை சொல்வதற்கில்லை. அங்ஙனம் விடுவோரும் காலை ஐந்தரை மணி முதல் எட்டு மணி வரையும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் தம் குழந்தையோடு இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருக்கிறார்கள். அப்பொழுதுகளில் என்ன செய்வது என்று தெரியாமையே பெருங்குறை. பேரங்காடியின் குளிரூட்டிய கூடத்திற் குழந்தையைச் சுற்றிக் காட்டித் திரும்புவதைத்தான் பலர் உலா என நினைக்கின்றனர்.

தென்சென்னைப் புறநகரத் தமிழர்க்கு இதில் ஒரு தனி உரிமையும் தனிக் கடமையும் உண்டு. தனித்தமிழ் இயக்கம் பிறந்தது எந்த மாநாட்டுப் பந்தலிலும் அன்று. பல்லாவரத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் 1898 முதல் தமிழாசிரியராயிருந்த மறைமலையடிகள் 1911இல் அப்பணியினின்று நீங்கிப் பல்லாவரத்திற் குடியேறினார். (அக்கல்லூரி அப்போது சென்னை நகரின் நடுவே இருந்தது, தாம்பரத்திற்கு வந்தது 1937இல்.) 1916ஆம் ஆண்டில் ஒருநாள் அடிகள் தம் மகள் நீலாம்பிகையோடு தோட்டத்தில் உலவிக்கொண்டிருந்தார். மகளுக்கு அப்போது ஏறத்தாழ 13 அகவை. திருவருட்பாவினின்று ஒரு பாட்டைப் பாடிவந்தவர் ‘தேகம்’ என்னும் சொல் வந்தவிடத்து நின்றார். அவ்விடத்தில் ‘யாக்கை’ என்னும் தமிழ்ச்சொல் அமைந்திருந்தால் பாட்டு இன்னும் எத்துணை இனிதாயிருக்கும் என்றும், அயற்சொல் ஒன்று புகும்போது தமிழ்ச்சொல் ஒன்று வழக்கிழந்து போவது எங்ஙனம் என்றும் மகளுக்கு விளக்கினார். கேட்ட மகள், அவ்வாறாயின் இனி அயற்சொல் கலவாமலே பேசுவோம் என்றார். அன்று முதல் அவ்வீடு அப்படியே பேச முனைந்தது. சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். ‘ஞானசாகரம்’ என்னும் இதழ் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று; சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. திருஞானசம்பந்தன் என்னும் மகன் அறிவுத்தொடர்பு ஆனார். திரிபுரசுந்தரி என்னும் மகள் முந்நகரழகி ஆனார். அன்று தோட்டத்தில் உடன் நடந்த நீலாம்பிகையாரே பின்னர் வடசொற்றமிழ் அகரவரிசை என்னும் நூலைத் தொகுத்தார்.

இந்நிகழ்ச்சியை மேடைதோறும் சொல்கிறார்கள். சொல்லும்போது அடிகளின் புலமையைப் போற்றுவதோடு நிறுத்திக் கொள்கிறார்கள். சற்று நின்று பார்த்தால் அங்கே நடந்தது என்ன? ஒரு தந்தை வேலையற்ற ஒரு மாலைப்பொழுதை மகளோடு நடப்பதற்கு ஒதுக்கினார். பாடினார், ஒரு சொல்லை எடுத்துப் பேசினார். மகள் கேட்டார், முடிவையும் அவரே சொன்னார். பாட்டிற் குறை கண்டவர் தந்தை. இயக்கத்தைத் தொடங்கியவர் மகள் என்று கூறினும் பிழையாகாது. கரும்பலகை இல்லை, மதிப்பெண் இல்லை, கட்டணம் இல்லை. பல்லாவரத்தினின்று கூப்பிடு தொலைவில் வாழும் தமிழர், தம் குழந்தையை இந்தக் கோடையில் என்ன செய்வதென்று அறியாமல் ஆங்கிலத் தட்டிகளை அண்ணாந்து பார்த்து நிற்கின்றனர்!

செய்யத்தக்கவை கைக்கெட்டும் தொலைவிலேயே கிடக்கின்றன. முதலில் தொடர்வண்டி. தாம்பரத்திற்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டு மே 11ஆம் நாள். அதுவும் ஒரு கோடைதான். ஐந்தகவைக் குழந்தைக்குத் தொடர்வண்டியைப்போல் இன்பந் தரும் பொருள் வேறில்லை. அதன் கட்டணம் பேரங்காடியில் விற்கும் ஒரு பனிக்குழைவின் விலைக்கும் கீழ். எழுத்துக் கூட்டத் தொடங்கிய குழந்தையைப் பலகணியோரம் அமர்த்தி, நிலையந்தோறும் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னால், தாம்பரம் முதல் எழும்பூர் வரை அதற்கொரு பாடநூலே விரிகிறது. பல்லாவரம் என்பது பல்லவபுரம் என்பதன் திரிபு. மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரை ஒன்று இன்றும் அங்குண்டு. பழவந்தாங்கலில் உள்ள தாங்கல் என்பது சிற்றேரியைக் குறிக்கும் சொல். குரோம்பேட்டை குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த பெயர். தாம்பரத்தை அடுத்த நிலையம் இன்னும் ‘சானடோரியம்’ என்றே வழங்குகிறது. 1928இல் அங்கே தோன்றிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று குழந்தையையே கேட்கலாம். குழந்தை சொல்லும் பெயர் அகரமுதலியில் இல்லாததாக இருக்கும், இருக்கட்டும். பேருந்து, மிதிவண்டி என்னும் சொற்களைப் படைத்தபோது நகைத்தவர்களும் இன்று பேருந்து என்றே சொல்கிறார்கள்.

பலகையில் தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் நடுவே மற்றோர் எழுத்து இருக்கிறதே, அஃது என்ன என்று கூர்மையுள்ள குழந்தை கட்டாயம் கேட்கும். அப்போது தாளமுத்து, நடராசன் ஆகிய இருவரின் பெயரைச் சொல்லலாம். இருவரும் முதல் இந்தி எதிர்ப்புப் போரிற் சிறைப்பட்டு 1939இல் உயிர் நீத்தவர்கள். வண்டியிலிருந்து இறங்கும் எழும்பூரிலேயே அவர்கள் பெயர் தாங்கிய மாளிகை நிற்கிறது. ஐந்தகவைக் குழந்தைக்கு இவ்வளவு போதும். முழு வரலாற்றையும் வண்டியிலேயே கொட்டிவிட வேண்டுவதில்லை.

எழும்பூரில் இறங்கினால் அருங்காட்சியகம். தாம்பரத்துக் குழந்தைகள் அங்கே காண வேண்டுவன ஐம்பொன் படிமங்கள் மட்டுமல்ல. தங்கள் ஊர்ப்பக்கத்துப் பொருள்களே அங்கு உள்ளன. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நிலநூல் ஆய்வாளரான இராபர்ட்டு புரூசு பூட்டு பல்லாவரத்துப் படைத்திடலருகே ஒரு சரளைக் குழியில் மாந்தன் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியப் பழங்கற்கால ஆராய்ச்சிக்குக் கால்கோள் அதுவே. கோடை வெயிலுக்கு அஞ்சி அவர் அன்று வீட்டிலிருந்திருந்தால் அக்கல் சாலைக்குச் சரளையாகியிருக்கும். அவர் தொகுத்தவை பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. பல்லாவரத்திற் கிடைத்த கால்கள் பொருந்திய சுடுமண் ஈமப்பேழையும் அங்கே உண்டு. கல்லைக் காட்டி, ‘இது பக்கத்து ஊரிலிருந்து வந்தது’ என்று சொல்லும்போது குழந்தையின் விழி விரிவதைக் காணலாம். வரலாறு தில்லியிலும் இலண்டனிலும் மட்டும் நடந்தது என்னும் எண்ணம் அக்குழந்தைக்குப் பின்னாளில் எளிதில் வாராது.

எதிர்த்திசையிற் சென்றால், தாம்பரத்திற்கு அடுத்தடுத்த நிலையங்கள் பெருங்களத்தூரும் வண்டலூரும். இன்னும் சில நிலையம் தள்ளி அடிகளின் பெயராலேயே மறைமலைநகர் இருக்கிறது. அப்பெயர் யாருடையது என்பதை அறியாமல் நாள்தோறும் ஏறி இறங்குவோர் பல்லாயிரவர். வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியற் பூங்கா. 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒட்டிச் சிறிய அளவில் தோன்றிய விலங்குக் காட்சிச்சாலை, பின்னர் நகருக்குள் வேறிடம் பெயர்ந்து, 1985இல் வண்டலூரிற் பெருவிரிவாகத் திறக்கப்பட்டது. கோடை ஞாயிறுகளிற் குடும்பங்கள் அங்கே ஆறாகப் பெருகுகின்றன. அவ்வெள்ளத்தினூடே நடந்து செவிகொடுப்போர்க்குத் தெரியும்: புலியைக் கண்டு கூவும் குழந்தை ஆங்கிலத்திற் கூவுகிறது, அதைத் தூக்கிக் காட்டும் தந்தையும் ஆங்கிலத்திலேயே பெயர் சொல்கிறார். முதலையும் குரங்கும் மானும்கூடத் தமிழ்ப்பெயரை இழந்து கூண்டுக்குள் நிற்கின்றன.

உலகில் எம்மொழிக்கு வாய்த்தது இந்த விலங்குப்பெயர்ச் செல்வம்? தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களுக்கென்றே ஒன்பது சொற்களை வகுத்து, எவ்வுயிரின் இளமைக்கு எச்சொல் உரியது என்று முறைப்படுத்தியிருக்கிறார். புலியின் இளமை குருளை, மானின் இளமை மறி, பறவையின் இளமை பார்ப்பு, யானைக்குக் கன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பெயர்: யானையிற் களிறும் பிடியும், மானிற் கலையும் பிணையும், குரங்கிற் கடுவனும் மந்தியும். முதலையினத்தையே முதலை, இடங்கர், கராம் என்று மூவகையாகப் பிரித்துச் சொன்னவர் தமிழர். இவையனைத்தும் புலவர்க்குரிய சொற்கள், குழந்தைக்கு ஏறா என்பர். ஏறும். ‘சைனாசரசு’, ‘டைரனோசாரசு’ என்று நாக்குச் சுளுக்கும் பெயர்களை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் நாலகவைக் குழந்தைக்குக் ‘குருளை’ என்னும் மூன்றெழுத்தா ஏறாது? புலிக்கூண்டின் முன் நின்று, ‘குருளை எங்கே இருக்கிறது, தேடு’ என்று ஒருமுறை சொன்னாற் போதும். வீடு வந்து சேரும்வரை அச்சொல் அதன் வாயைவிட்டு நீங்காது.

விலங்குக்கு வண்டலூர் வேண்டும். மரஞ்செடிக்கு வீட்டுத்தெருவே போதும். பாவாணர் ‘சொல்வளம்’ என்னும் கட்டுரையில் எடுத்துக்காட்டிய செல்வத்தைக் கோடையிலேதான் கையில் எடுத்துப் பார்க்க முடியும். மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. தென்னையின் பிஞ்சு குரும்பை. வாழையின் பிஞ்சு கச்சல். காலையில் மரத்தடியில் உதிர்ந்து கிடப்பனவற்றைப் பொறுக்கி ஒரு தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றின் பெயரையும் குழந்தை சொல்லும்படி ஓர் ஆட்டம் அமைத்துக் கொள்ளலாம். அவ்வாறே பனைக்கும் தென்னைக்கும் ஓலை, கரும்புக்குத் தோகை, நெல்லுக்குத் தாள், உலர்ந்து விழுந்தால் சருகு. மாவில் இளையது கன்று, தென்னையில் பிள்ளை, பனையில் வடலி. ஆங்கிலத்தில் எல்லாவற்றிற்கும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அடைமொழி ஒட்டிக் காலந்தள்ளுகிறார்கள். தமிழ்க்குழந்தை அந்த ஏழ்மைக்குப் பழகத்தான் பணம் கட்டுகிறோமா என்று பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பனை என்றதும் நுங்கு. செங்கற்பட்டு நெடுஞ்சாலையோரத்திலும் வேளச்சேரிச் சாலையோரத்திலும் கோடையில் நுங்குக்குலைகள் குவிகின்றன. சீவித் தருவதை வாங்கிச் செல்வதோடு நின்றுவிடாமல், முழு நுங்காக வாங்கிப் பெருவிரலாற் கண்ணைத் தோண்டி உண்ணக் குழந்தைக்குக் கற்பிக்க வேண்டும். சட்டை கறையாகும், ஆகட்டும். உண்டு முடித்த கூந்தல் இரண்டை ஒரு குச்சியின் இருமுனையிலும் செருகி, நடுவிற் கவைக்கோல் கொடுத்துத் தள்ளினால் நுங்குவண்டி. ஓலையைக் கிழித்து முள்ளிற் கோத்தாற் காற்றாடி. பூவரசிலையைச் சுருட்டினால் ஊதல். கடையில் விற்கும் எந்த விளையாட்டு வண்டியையும் குழந்தை இரண்டு நாளில் மூலையில் எறிகிறது. தன் கையாற் செய்த நுங்குவண்டியைப் படுக்கையருகே வைத்து உறங்குகிறது.

ஏரிகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, முடிச்சூர் என ஊர்தோறும் ஓரேரி இருந்த நிலம் இது. காலையிற் கரைமேல் நடந்து, கரை எது, மதகு எது, மிகுநீர் வழிந்தோடும் கலங்கல் எது என்று காட்டலாம். (நீரில் இறங்க விடலாகாது, கரைமேல் கைப்பிடித்தே நடத்துக.) பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் இராம்சர்ப் பட்டியலில் இடம்பெற்றது. தொலைவிலிருந்து வரும் பறவைகளைக் காணப் பனிக்காலமே ஏற்றது. ஆயினும் நாமக்கோழியும் தாழைக்கோழியும் முக்குளிப்பானும் கோடையிலும் உண்டு. பெயரே உருவத்தைச் சொல்லிவிடும் பெயர்கள் இவை. நெற்றியில் வெள்ளை நாமம் கண்டவுடன் குழந்தையே பெயரை ஊகித்துவிடும்.

உச்சிப்பொழுதை வீட்டுக்குள்தான் கழிக்க வேண்டும். அதற்குப் பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி, தட்டாங்கல். பல்லாங்குழியின் 14 குழிகளிற் புளியங்கொட்டையை எண்ணி எண்ணிப் போடும் குழந்தைக்கு விரைவுக் கணக்குப் பயிற்சிக்குத் தனியே பணம் கட்ட வேண்டாம். 3 புலியும் 15 ஆடும் கொண்ட ஆட்டத்திற் சூழ்ச்சியும் பொறுமையும் தாமே வரும். தட்டாங்கல் சங்கச் சான்றோர் பாடிய கழங்காடலின் தொடர்ச்சி. இரண்டாயிரம் ஆண்டாகப் பெண்மக்கள் கைவிடாத ஆட்டம். அடுக்குமாடி வீட்டுத் தளத்தில் அதை ஆடத் தடையொன்றுமில்லை. இவ்வாட்டங்களைக் கற்பிக்கத் தக்கவர் பாட்டியே. ஊரிலிருந்து பாட்டியை வரவழைக்கலாம். அல்லது குழந்தையைப் பாட்டியின் ஊருக்கு அனுப்பலாம். நியூசிலாந்தின் மாவோரி மக்கள், தம்மொழி அழியும் விளிம்பில் நின்றபோது, 1982இல் ‘மொழிக்கூடு’ என்னும் மழலையர் அமைப்பைத் தொடங்கி, மொழி மறவாத முதியோரைக் குழந்தைகள் நடுவே அமர்த்தினர். நடுத்தலைமுறை இழந்த மொழியைப் பாட்டன்பாட்டியர் நேரே பெயரர்க்கு ஊட்டினர். தமிழர் வீட்டிற் பாட்டி இன்னும் இருக்கிறார்; அவர் தமிழும் இருக்கிறது. அவரையே ‘கிராண்ட்மா’ ஆக்கி வைத்திருக்கும் கொடுமைதான் நீங்க வேண்டும்.

இங்கே தனித்தமிழன்பர்க்கு ஓர் எச்சரிக்கை. உலாவும் ஆட்டமும் திருத்தக் கழகமாக மாறலாகாது. பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் பாட்டி ‘பசு’ என்று கையைத் தட்டி மகிழ்கிறார். அந்நேரத்தில், ‘பசு என்னாதீர், ஆ என்க’ என்று குறுக்கிடும் தந்தையால் ஆட்டமும் கெடும், பாட்டியின் உள்ளமும் நோகும், குழந்தைக்குத் தூய தமிழ் என்றாலே கடிந்துரை என்னும் எண்ணம் பதியும். எபிரேய மொழியைப் பேச்சுமொழியாக மீட்ட எலியேசர் பென் யெகுதா, 1882இற் பிறந்த தம் மகனை வேற்றுமொழி காதில் விழாதபடி வளர்த்தார். மொழி மீண்டது உண்மை. ஆனால் அப்பிள்ளை விளையாட்டுத் தோழரின்றித் தனிமையில் வாடினான் என்பதும் உண்மை. பல்லாவரத்துத் தோட்டத்தில் மறைமலையடிகள் மகளைக் கண்டிக்கவில்லை, பாடிக் காட்டினார். வேறுபாடு அதுதான். குழந்தை கலப்புச்சொல்லைச் சொன்னால், பெற்றோர் தம் மறுமொழியில் தமிழ்ச்சொல்லை இயல்பாக வைத்துப் பேசினாற் போதும். பத்தாம் முறை குழந்தை தானே மாற்றிக்கொள்ளும்.

அதேபோல், ஆங்கிலப் பாசறைக்குப் போட்டியாகத் ‘தனித்தமிழ்க் கோடைப் பாசறை’ தொடங்கி, குறள் ஒப்பித்தல், பரிசுக்கோப்பை, சான்றிதழ், நிறைவு விழாவில் மூன்று மணிநேரச் சொற்பொழிவு என்று நடத்துவதும் அதே நோயின் மறுபக்கமே. மன்றங்கள் செய்யத்தக்க பணி வேறு உண்டு. பத்துக் குடும்பங்களைச் சேர்த்து ஞாயிறுதோறும் ஒரு காலை உலா நடத்தட்டும். இறங்கும் இடம் ஒருநாள் பல்லாவரமாகவும், மறுநாள் வண்டலூராகவும், மற்றொருநாள் ஏரிக்கரையாகவும் இருக்கட்டும். 2021இல் தோன்றிய தாம்பரம் மாநகராட்சியின் பூங்காக்களில் நிற்கும் மரங்களுக்குத் தமிழ்ப்பெயர்ப் பலகை தொங்கவிட ஒரு வேண்டுகை விடுக்கட்டும். பூவரசு, புன்னை, புங்கு, மருதம் என்று படித்துக்கொண்டே குழந்தை ஊஞ்சலுக்கு ஓடட்டும். வண்டலூர்ப் பூங்காவின் அறிவிப்புப் பலகைகளில் விலங்கின் பெயரோடு ஆண்பெயர், பெண்பெயர், இளமைப்பெயர் ஆகியவற்றையும் ஒரு வரி சேர்க்குமாறு வனத்துறைக்கு எழுதட்டும். செலவு சிறிது, ஒருமுறை எழுதிவிட்டால் ஆண்டுதோறும் பல நூறாயிரம் குழந்தைகள் படிக்கும்.

வெயிலைக் கண்டு அஞ்ச வேண்டா. மேழமும் விடையும் தமிழர்க்கு இளவேனில். முதுவேனில் அதன் பின்னரே வருகிறது. காலையில் முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்தால் வெயில் ஏறுமுன் திரும்பலாம். நீரும் பனையோலை விசிறியும் கையிலிருக்கட்டும். வண்டலூர்ப் பூங்காவிற்குச் செவ்வாய்க்கிழமையும் எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமையும் விடுமுறை என்பதை நினைவிற் கொள்க.